பன்னிரண்டாவது பெட்டி

பொங்கல் விடுமுறை முடிந்து என் கம்ப்யூட்டர் கடையைத் திறந்த முதல் நாள் மதுரையிலிருந்து போன் வந்தது. மதிய நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்தான் வைத்திருந்தேன். பேசியவர் மென்பொருள் மொத்த விற்பனை அலுவலகத்தில் எங்கள் பக்கத்து ஊர்களைக் கவனிக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை "மேடம்" என்பார். செய்தி கெட்டதாக இருந்தால் இரண்டு தடவை "மேடம்" என்பார்.

"மேடம், மேடம்," என்றார்.

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஓ.எஸ். விற்பனை எல்லா ஊரிலும் படுத்துவிட்டது. ஓ.எஸ். என்பது கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து வருகிற மென்பொருள். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரம். உலகத்தில் அதில் பல வகை இருக்கலாம். எங்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓ.எஸ். என்றால் ஒன்றே ஒன்றுதான். பெயரை நான் சொல்லவில்லை, நீங்களே அதைத்தான் வைத்திருப்பீர்கள். அதை உறை பிரிக்காத பெட்டியாக, முறையான உரிமத்தோடு விற்க அங்கீகாரம் பெற்ற கடை எங்கள் பக்கம் என்னுடையது மட்டும். இனிமேல் வருஷத்துக்குப் பன்னிரண்டு பெட்டியாவது விற்காத கடைக்கு அங்கீகாரம் கிடையாதாம்.

"நீங்க இந்த வருஷம் பத்து வித்திருக்கீங்க மேடம். மார்ச் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டே ரெண்டு."

"இல்லைன்னா?"

"சர்டிபிகேட்டத் திருப்பி வாங்கச் சொல்லியிருக்காங்க மேடம்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் சத்தமாக வரும். அன்றைக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டு மாடிப்படிக்கு எதிரே சுவரில் தொங்கும் அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது அது வந்து. நான் கடை ஆரம்பித்தபோது என் மச்சினர், அதாவது கணவரின் அண்ணன், "பொம்பள வச்ச கடையில எவன் வந்து கம்ப்யூட்டர் வாங்குவான்?" என்று பந்திக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்த நேரம். ஒன்றரை வருஷம் கழித்து, என் பெயர் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடும் தங்க நிற முத்திரையோடும் அது வந்து சேர்ந்தது. கணவர்தான் கண்ணாடி போட எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்ததும், படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஆணி அடித்தேன். மச்சினர் அடுத்து வந்தபோது அதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

அதன் பிறகு அந்தச் சுவரில் மேற்கு வெயில் அடிப்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஓரத்து நீலம் முதலில் ஊதாவானது, பிறகு சாம்பலானது. தங்க முத்திரை தேநீர்க் கறை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் என் பெயர் தெரிந்தது. எனக்கு அது போதும்.

ஊரில் மற்றவர்களெல்லாம் நகல் எடுத்த வட்டுகளை வைத்துக்கொண்டு எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஓ.எஸ். போட்டுக் கொடுத்த காலத்தில் நான் ஒருத்திதான் மாட்டேன் என்றேன். "ஒரிஜினல்னா வாங்க, நகல்னா கீழ இறங்கிப் போங்க." இப்படிச் சொல்லிச் சொல்லியே என் கடைக்கு ஒரிஜினல் கடை என்று பெயர் வந்துவிட்டது. நடுவில் ஒரு சமயம், கடை கடையாக வந்து கம்ப்யூட்டரைச் சோதிக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. எவரும் வரவில்லை. ஆனால் இரண்டு ஊர் வியாபாரிகளும் என் படியில் வரிசையாக ஏறினார்கள். வாங்கியவர்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். அந்த நோட்டுத்தான் என் பெருமை.

இப்போது படியேறி வருகிறவர்கள் கேட்பதே வேறு. போன் சார்ஜர் இருக்கா, ஆதார் பிரிண்ட் எடுப்பீங்களா, போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவீங்களா. புது லேப்டாப் வாங்குகிறவருக்கு ஓ.எஸ். அதிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. சீட்டுப் பிடிப்பதில் இருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரைக்கும் எல்லாம் கைக்குள் நடக்கிறது. குறை சொல்லவில்லை. நானே பஸ்ஸில் வரும்போது போனில்தான் ஆர்டர் போடுகிறேன். ஆனால் சர்டிபிகேட் என் சுவரில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இரண்டு பெட்டி.

நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். பழைய பதிப்பை இனிக் கவனிக்க மாட்டோம் என்று கம்பெனி கைகழுவிவிட்டதே, ஒரிஜினல் வாங்கிப் பழகியவர்கள் புதுசையும் ஒரிஜினலாகத்தானே வாங்குவார்கள் என்று ஒரு கணக்கு.

முதலில் வத்திராயிருப்பு போனேன். அங்கே ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார். ஓய்வு பெற்றுவந்து தென்னந்தோப்பு பார்க்கிறார். தேங்காய்க் கணக்கு, மோட்டார் ஓடிய நேரம், மழை பெய்த அளவு, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போன வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர், ஓ.எஸ். மட்டும் பழையதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பிரித்து அவர் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

நாமெல்லாம் "சம்மதிக்கிறேன்" என்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போவோமே, அதற்கு மேலே பொடி எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கும். உலகத்தில் அதை முழுக்கப் படித்த மனிதரை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். விரலை வைத்து, வரி வரியாக. நான் இரண்டு இளநீர் குடித்து முடித்தேன். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். வந்து பார்த்தால் பாதிதான் தாண்டியிருக்கிறார்.

"ஏம்மா, எதுனா நஷ்டம்னா நாங்க பொறுப்பில்லங்கான். அப்பம் எவன் பொறுப்பு?"

"நான் பொறுப்புங்க."

"நீங்கன்னு இதுல எழுதலியே?"

"எழுதித் தாரேன்."

எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். தேதி போட்டேன். அப்புறம்தான் சம்மதிக்கிறேன் என்பதை அமுக்கினார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. பதினொன்று ஆயிற்று. இன்னும் ஒன்று.

அந்த ஒன்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பாய் கடைக்குப் போனேன். மளிகை மொத்த வியாபாரம். மல்லி வற்றல் வாசனை தெருமுனைக்கே வரும். என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே மூன்று பெட்டி இருந்தது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் போன் போட்டு, "தங்கச்சி, நமக்கு ஒண்ணு எடுத்து வச்சிரு," என்பார். போட்டுத் தரட்டுமா என்று கேட்டால், மருமகன் பார்த்துக்கொள்வார் என்பார். இப்படி ஒரு வாடிக்கையாளர் எவருக்கு வாய்ப்பார் என்று நான் வீட்டில் பீற்றிக்கொண்டதுண்டு.

"பாய், பழசுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு. உங்ககிட்ட இருக்குறது எந்தப் பதிப்பு?"

"மூணும் இருக்கும்மா. செத்த நேரம் இரு, காட்டுதேன்."

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். வீட்டு மூலப் பத்திரம், கடை லைசென்ஸ், லாரி ஆர்.சி. புக். அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்தார். பைக்குள் மூன்று பெட்டிகள். மூன்றிலும் கண்ணாடித் தாள் உறை அப்படியே இருந்தது. நான் ஒட்டிய கடைச் சீட்டுகூட மூலை மடங்காமல் இருந்தது.

"பாய், இதப் பிரிக்கவே இல்லையா?"

"ஒரிஜினல எவனாச்சும் பிரிப்பானா?" என்றார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "ஒரிஜினல் பீரோல இருக்கும். ஓடுறது செராக்ஸ்."

"எது செராக்ஸ்?"

"கம்ப்யூட்டர்ல ஓடுதே, அது. மருமவன் மதுரையில ஒரு பயகிட்ட வாங்கியாந்தாரு. யாராச்சும் வந்து கேட்டா ஒரிஜினலக் காட்டலாம்லா? வீட்டுப் பத்திரத்தச் சட்டைப் பையிலயா வச்சிக்கிட்டுத் திரியுதோம்?"

எனக்கு வந்தது சிரிப்பா கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மல்லி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் திருடவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. உள்ள விலையைக் கொடுத்து மூன்று தடவை வாங்கியிருக்கிறார். எதையும் தப்பாகச் செய்யவில்லை என்ற நிம்மதியோடு இத்தனை வருஷமும் நகலை ஓட்டியிருக்கிறார்.

மறுநாள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ரண்டி, ரண்டி," என்று வரவேற்று உட்காரவைத்து, நான் கேட்டதும் பீரோ சாவியைத் தேடினார். சாவியைத் தேட ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பெட்டி. ஒன்றில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வெளியே எடுத்து வைத்துக் கும்பிடுவார்களாம். அதற்கு மேல் அவரிடம் எதையும் விற்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போட்டேன். பெட்டி வாங்கியவர்களில் பாதிக்கு மேல் இதே பதில். பீரோவில் இருக்கிறது, பேங்க் லாக்கரில் இருக்கிறது, மகளுக்குச் சீரோடு கொடுத்தாகிவிட்டது. உலகமெல்லாம் ஓ.எஸ். விற்பனை இப்போதுதான் விழுகிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் அது ஓடியதே இல்லை. விற்றதெல்லாம் பூட்டின பீரோவுக்குள் போயிருக்கிறது. அதை விற்றவள் நான். ஒரிஜினல் கடை!

வீட்டில் வந்து சொன்னேன். கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் அதன் உறையைவிட்டு எடுக்க அவருக்கு மனம் வராது. எங்கள் வீட்டு டிவி ரிமோட் ஏழு வருஷமாகப் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். நான் பாய் கதையைச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் சிரிக்காமல் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"பாய் செஞ்சதுல என்ன தப்பு?" என்றார்.

மார்ச் கடைசி நாள் வந்தது. பதினொன்றிலேயே நிற்கிறேன். மதுரைக்காரர் காலையிலேயே, "மேடம், மேடம், இன்னைக்கு அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிருவாங்க," என்று சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் பாய். ஒரு கையில் பால்கோவா, மறு கையில் அவருடைய கம்ப்யூட்டரை வயரோடு துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே வந்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரரு சொன்னாவ. ஒரு பெட்டி கொறஞ்சா போர்டப் பிடுங்கிருவானாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது? எடு தங்கச்சி, ஒண்ணு."

எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தேன். பன்னிரண்டாவது. ஒரு பில், ஒரு பதிவு, முடிந்தது. சுவரில் இருக்கிறது சுவரிலேயே இருக்கும்.

அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பழசு. புதுப் பதிப்பு அதில் ஏறவே ஏறாது.

"பாய், இதுல இது ஓடாது."

"ஓடாட்டி என்ன? பீரோல வச்சிக்கிடுதேன். உனக்கு வேண்டியது நடக்கும்லா?"

மனிதர் அன்பினால் சொல்கிறார். எனக்கும் அந்தப் பெட்டி போக வேண்டும், அவருக்கும் பீரோவில் இடம் இருக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பில் புத்தகத்தைத் திறந்துகூட விட்டேன். ஆனால் தேதி எழுதும்போது, அந்தத் துணிப் பைக்குள் நாலாவதாக இது படுத்திருப்பது கண்ணுக்குள் வந்தது. இத்தனை வருஷம் தெரியாமல் பீரோவுக்கு விற்றேன், அது போகட்டும். தெரிந்தே ஒன்றை விற்றுவிட்டு அந்தச் சர்டிபிகேட்டை எந்த முகத்தோடு பார்ப்பது?

"வேண்டாம் பாய். ஓடாத பொருள நான் விக்க மாட்டேன்."

"எனக்கு விக்காம வேற யாருக்கு விக்கப் போற?" அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"யாருக்கும் இல்ல. உக்காருங்க, உங்க கம்ப்யூட்டர நல்லபடியா ஓட வச்சித் தாரேன்."

சும்மாவே கிடைக்கிற ஓ.எஸ். ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் மணியாக ஓடும். இத்தனை வருஷம் என் கடையில் அதன் பேச்சையே நான் எடுத்ததில்லை. சக்களத்தியைப் பார்க்கிற மாதிரிதான் அதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டேன். அவருடைய கணக்கு, சரக்கு வரவு எல்லாம் அதிலே திறந்தது. பாய் கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது. இதுக்கு ஒரிஜினல் எங்க?"

"இதுக்கு ஒரிஜினல், நகல்னு ரெண்டு கிடையாது பாய். யாரு வேணும்னாலும் போட்டுக்கிடலாம், யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். எல்லாம் சட்டப்படிதான்."

அவர் முகம் வாடிவிட்டது.

"அப்பம் பீரோல எத வைக்க?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது ஒரிஜினல்தான் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். பாய் அதை விளக்குப் பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது. நாலாக மடிக்காமல் உருட்டி, கீழே கடையில் இரண்டு செராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். ஐந்து மணி அடித்தபோது நான் பால்கோவா தின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மதுரைக்காரர் வந்தார். பாவம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். டீயும் சேவும் வாங்கிக் கொடுத்தேன். "மேடம், எனக்கே கஷ்டமா இருக்கு," என்றார். நானே ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடிச் சட்டத்தை ஆணியிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். ஒரு துணியால் தூசியைக்கூடத் துடைத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகு பார்த்தால், சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக, கடை ஆரம்பித்த அன்றைக்கு அடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. நன்றாக அழுதேன். ஒருத்தர் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தார். அழுதுகொண்டே ஒட்டிக் கொடுத்தேன், ஒரு குமிழிகூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"எதக் கொடுத்த?"

"என்ன கேள்வி இது? சுவத்துல இருந்தத."

எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டுப் பத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். உள்ளே நீலம் நீலமாக, தங்கம் தங்கமாக, மசி காயாதது போல இரண்டு கையெழுத்தோடு என் சர்டிபிகேட்.

"அது கலர் செராக்ஸ்," என்றார். "ஒரிஜினல யாராச்சும் வெயில்ல தொங்க விடுவாளா ஏட்டி?"

இருபது வருஷமாக நான் கும்பிட்டது, மச்சினருக்குக் காட்டியது, அன்றைக்கு அழுதுகொண்டே இறக்கியது, எல்லாம் நகல். ஒரிஜினல் கடையின் சுவரில்! அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்து, மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"தம்பி, நீங்க கொண்டுபோனது செராக்ஸ். ஒரிஜினல் எங்க வீட்டு பீரோல இருக்கு."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம்," என்றார், ஒரே ஒரு தடவை. "வாங்கியாச்சுன்னு எழுதி ஃபைல மூடிட்டேன். அதத் திறக்க என்னால முடியாது. அது உங்க வீட்டிலேயே இருக்கட்டும்."

மறுநாள் அதை உறையிலிருந்து உருவி எடுத்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், வாசல் வெயில் நேராக விழுகிற சுவரில் மாட்டச் சொன்னேன். கணவர் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு நின்றார், ஆணி அடிக்கவில்லை.

"வெளுத்துப் போகும்டி."

"வெளுக்கட்டும். என் பேரு கொஞ்சம் வெயிலப் பாக்கட்டும்," என்றேன்.

அடித்தார். ஆனால் அதற்கு முன்னால், கடைத்தெருவுக்குப் போய் ஒரு செராக்ஸ் எடுத்துவந்து பீரோவில் வைத்த பிறகுதான் அடித்தார்.